புளூட்டோவின் ஓரத்தில் ஒரு புடைப்பு

இன்னைக்கு ராஜா, போர், ஒப்பந்தம் எதுவும் கிடையாது. ஒரு தேடலோட வரலாறு. நம்மிடமிருந்து பல நூறு கோடி கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஒரு குட்டி உலகத்தைச் சுற்றி, அதைவிடக் குட்டியான நிலாக்களை ஆட்கள் எப்படித் தேடினாங்க, எதையெல்லாம் கண்முன்னாடி வெச்சுக்கிட்டே கவனிக்காம விட்டாங்க, கடைசியில் "இதுக்கு மேல ஒண்ணும் இருந்துடக் கூடாது"ன்னு ஏன் பயந்தாங்க என்பதுதான் கதை.

அந்த உலகம் புளூட்டோ. 1930 பிப்ரவரி 18-இல் அமெரிக்காவின் லோவெல் வானாய்வகத்தில் கிளைட் டோம்பா என்ற 24 வயது இளைஞர் கண்டுபிடித்தது. கல்லூரிப் படிப்புகூட அப்போது அவருக்கு இல்லை. கன்சாஸ் விவசாயக் குடும்பத்துப் பையன். வெவ்வேறு இரவுகளில் எடுத்த இரண்டு கண்ணாடித் தட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்து, நட்சத்திரங்களுக்கு நடுவில் ஒரே ஒரு புள்ளி இடம் மாறியிருப்பதைப் பிடித்தார்.

அதற்குப் பிறகு ஏறத்தாழ ஐம்பது வருஷம் புளூட்டோவைப் பற்றி நமக்குத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம். எவ்வளவு எடை என்பதுகூடத் தெரியாது. பெர்சிவல் லோவெல், தான் தேடிய 'எக்ஸ் கோள்' பூமியைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு நிறை கொண்டது என்று கணக்குப் போட்டிருந்தார். புளூட்டோ கிடைத்ததும் அந்த எண் சரியத் தொடங்கியது. முதலில் பூமி அளவு, 1940-களின் இறுதியில் பூமியில் பத்தில் ஒரு பங்கு. 1976-இல் அதன் மேல் மீத்தேன் உறைபனி இருப்பது தெரிந்தபோது இன்னும் கீழே போனது. உறைபனி ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும்; அப்படியானால் இவ்வளவு வெளிச்சம் தருவதற்குப் பெரிய உருண்டை தேவையில்லை.

ஒரு பொருளுக்கு எடை போட வேண்டுமென்றால் அதைச் சுற்றி ஏதாவது ஓட வேண்டும். எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரத்தில் சுற்றுகிறது என்று தெரிந்தால் போதும், கெப்ளர் விதி மிச்சத்தைச் சொல்லிவிடும். புளூட்டோவுக்கு அப்படி ஒரு நிலா இருப்பதாக யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த நிலா பல வருஷமாகப் படங்களில் இருந்தது.

'தட்டு சரியில்லை'

1978 ஜூன் 22. வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்கக் கடற்படை வானாய்வகம். ஜேம்ஸ் கிறிஸ்டி என்ற வானியலாளர் உருப்பெருக்கியின் கீழே சில கண்ணாடித் தட்டுகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் உள்ள 1.55 மீட்டர் தொலைநோக்கியில் அந்த வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் எடுத்த படங்கள். அவருக்குக் கொடுத்த வேலை நிலா தேடுவது இல்லை. புளூட்டோவின் பாதையைத் துல்லியமாகக் கணக்கிட, அந்தப் புள்ளியின் மையத்தை அளக்க வேண்டும். சுத்தமான அளவை வேலை.

தட்டுகள் நன்றாக இல்லை. புளூட்டோ வட்டமாக விழாமல் ஒரு பக்கம் கொஞ்சம் புடைத்துக்கொண்டிருந்தது. மையம் அளக்க முடியாது. இப்படிப்பட்ட தட்டை ஒதுக்கி வைப்பதுதான் வழக்கம்.

இங்கே ஒரு நிமிஷம் என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் சர்வர் லாகில் வாரத்துக்கு ஒருமுறை ஒரு வினோதமான வரி வரும். டீமில் எல்லாருக்கும் தெரியும். "அது அப்படித்தான் வரும், விடு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவோம். நானே ரெண்டு தடவை அந்த டிக்கெட்டை மூடியிருக்கேன். எட்டு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சிஸ்டம் கவிழ்ந்தது; காரணம் அதே வரிதான். அதிலிருந்து கிறிஸ்டி கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

ஏன்னா அவர் டிக்கெட்டை மூடவில்லை. ஒரு எளிய கேள்வி கேட்டார்: தொலைநோக்கி ஆடியதால் புளூட்டோ புடைத்துத் தெரிகிறது என்றால், அதே தட்டில் இருக்கிற நட்சத்திரங்களும் புடைத்திருக்கணும் இல்லையா? பார்த்தார். நட்சத்திரங்கள் அத்தனையும் வட்டம். புளூட்டோ மட்டும் புடைப்பு. சரி, புளூட்டோவுக்குப் பக்கத்தில் தற்செயலாக ஒரு மங்கலான நட்சத்திரமோ? ஒரு நாள் அப்படி அமையலாம். ஆனால் வேறு வேறு நாட்களில், புளூட்டோ நகர்ந்த பிறகும் புடைப்பு கூடவே வருகிறது. அதுவும் ஒரு நாள் ஒரு பக்கம், இன்னொரு நாள் எதிர்ப்பக்கம்.

உடனே பழைய தட்டுகளைத் தேடிப் போனார். 1970-இல் எடுத்த ஒரு தட்டின் குறிப்பிலேயே புளூட்டோ நீண்டு தெரிகிறது என்று எழுதியிருந்தது. பார்த்தவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார், காரணத்தை மட்டும் தட்டின் மேல் போட்டுவிட்டார். 1965 படங்களிலும் அதே புடைப்பு. பதின்மூன்று வருஷம் அது அலமாரியிலேயே இருந்திருக்கிறது!

புடைப்பு எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பழைய இடத்துக்கு வருகிறது என்று பார்த்தால் சுமார் 6.4 நாள். புளூட்டோவின் வெளிச்சம் 6.39 நாளுக்கு ஒருமுறை கூடிக் குறைவது ஏற்கனவே தெரிந்த விஷயம். அதுதான் அது தன்னைத்தானே சுற்றும் காலம். இரண்டு எண்ணும் ஒன்று. அவருடைய சகா ராபர்ட் ஹாரிங்டன் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார், பொருந்தியது. 1978 ஜூலை 7-இல் உலகத்துக்கு அறிவித்தார்கள்.

பெயர் வைத்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிறிஸ்டியின் மனைவி பெயர் சார்லீன், வீட்டில் 'ஷார்'. புரோட்டான், எலெக்ட்ரான் மாதிரி பின்னால் ஓர் 'ஆன்' சேர்த்து 'ஷாரன்' என்று வைக்க ஆசைப்பட்டார். அகராதியைப் புரட்டினால் கிரேக்கப் புராணத்தில் அதே எழுத்துகளில் ஒருவர் இருக்கிறார்: இறந்தவர்களைப் பாதாளத்துக்குப் படகில் ஏற்றிப்போகும் ஓடக்காரர். பாதாளத்தின் கடவுள் புளூட்டோ! அதிர்ஷ்டம்னா இதுதான். இன்றைக்கும் சிலர் கிரேக்க உச்சரிப்பில் 'கேரன்' என்பார்கள், சிலர் சார்லீன் அம்மா நினைவாக 'ஷாரன்' என்பார்கள்.

ஷாரன் கிடைத்ததும் தராசும் கிடைத்தது. புளூட்டோவின் நிறை, பூமியின் நிறையில் சுமார் ஐந்நூறில் ஒரு பங்குதான். ஏழு பூமியில் தொடங்கி ஐந்நூறில் ஒன்றுக்கு வந்து நின்றது. 1980-இல் டெஸ்லர், ரஸ்ஸல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்தச் சரிவை ஒரு வரைகோட்டில் போட்டு, இதே வேகத்தில் போனால் 1984-இல் புளூட்டோ காணாமலே போய்விடும் என்று கிண்டலாக ஒரு கட்டுரை எழுதினார்கள்.

இன்னொரு விஷயம், நேரம். புளூட்டோவும் ஷாரனும் ஒன்றையொன்று மறைத்துப் போவது நம் கண்ணுக்குத் தெரியும் பருவம் 124 வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். அது 1985-இல் தொடங்கி 1990 வரை இருந்தது. அந்த மறைப்புகளை அளந்துதான் இரண்டின் விட்டத்தையும் ஓரளவு துல்லியமாகக் கணித்தார்கள். ஷாரன் இருப்பது ஏழே வருஷம் முன்னால் தெரிந்ததால் ஆட்கள் தயாராக இருந்தார்கள். கிறிஸ்டி அந்தத் தட்டுகளையும் ஒதுக்கி வைத்திருந்தால்?

5,000 மடங்கு மங்கல்

ஷாரன் ஒன்றும் சின்ன நிலா இல்லை. விட்டம் 1,212 கிலோமீட்டர்; புளூட்டோவே 2,377 கிலோமீட்டர்தான். பாதி அளவு. அப்படியானால் இன்னும் சின்னதாக ஏதாவது இருக்குமா?

2000-களின் தொடக்கத்தில் இந்தக் கேள்வி அவசரமாகிவிட்டது. ஆலன் ஸ்டெர்ன் தலைமையில் நியூ ஹொரைசன்ஸ் என்ற விண்கலத்தைப் புளூட்டோவுக்கு அனுப்பும் வேலை நடந்துகொண்டிருந்தது. போய்ச்சேர ஒன்பதரை வருஷம். நின்று சுற்ற எரிபொருள் கிடையாது, ஒரே ஓட்டம்தான். என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் எதைப் படம் எடுப்பது என்று திட்டம் போட முடியும். ஸ்டெர்ன், ஹால் வீவர் குழு ஹப்பிள் தொலைநோக்கியில் நேரம் கேட்டது. முதலில் கிடைக்கவில்லை. பிறகு 2004 ஆகஸ்டில் ஹப்பிளில் ஒரு நிறமாலைக் கருவி பழுதாகி நின்றது. அதற்காக ஒதுக்கிய நேரம் காலியானது. வரிசையில் பின்னால் நின்றிருந்த இவர்களுக்கு வாய்ப்பு வந்தது.

2005 மே 15, மே 18 என இரண்டு நாள் படம் எடுத்தார்கள். மங்கலான பொருள் தெரியணும்னா கேமராவை நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டும். அப்போது புளூட்டோ வெளிச்சத்தில் வழிந்து படத்தின் நடுவையே நிறைத்துவிடும். கல்யாண மண்டபத்து வாசல் ஃபோகஸ் லைட்டுக்குப் பக்கத்தில் பறக்கும் கொசுவைத் தெருமுனையிலிருந்து தேடுகிற மாதிரி.

ஜூன் மாதம் பால்டிமோரில் மேக்ஸ் மச்லர் படங்களைப் பார்த்தபோது இரண்டு புள்ளிகள் கண்ணில் பட்டன. புளூட்டோவைவிடச் சுமார் 5,000 மடங்கு மங்கல். பின்னணி நட்சத்திரம் என்றால் புளூட்டோ நகரும்போது பின்தங்கியிருக்க வேண்டும். இவை கூடவே நகர்ந்தன. மூன்று நாளில் புளூட்டோவைச் சுற்றியும் கொஞ்சம் நகர்ந்திருந்தன. ஆகஸ்டில் ஆண்ட்ரூ ஸ்டெஃபல் என்பவர் தனியாக அதே படங்களை ஆராய்ந்து அதே இரண்டு புள்ளிகளைக் கண்டார். பிறகு 2002-இல் வேறொரு வேலைக்காக எடுத்த ஹப்பிள் படங்களைத் துருவினால், அங்கேயும் மிக மங்கலாக இரண்டும் இருந்தன. மறுபடியும் அதே கதை!

அக்டோபர் 31-இல் அறிவிப்பு. பெயர் நிக்ஸ், ஹைட்ரா. நியூ ஹொரைசன்ஸின் முதல் எழுத்துகள் இரண்டும் அதில் ஒளிந்திருக்கின்றன. 2006 ஜனவரி 19-இல் விண்கலம் கிளம்பியது. அதே வருஷம் ஆகஸ்டில் புளூட்டோ 'கோள்' பட்டியலிலிருந்து இறங்கி 'குறுங்கோள்' ஆனது. ஒன்பதாவது கோளுக்குக் கிளம்பிய வண்டி, பாதி வழியில்கூட இல்லை, குறுங்கோளுக்குப் போகிற வண்டியாகிவிட்டது.

நல்ல செய்தி கெட்ட செய்தியானபோது

2011-இல் மார்க் ஷோவால்டர் ஹப்பிளை மறுபடி புளூட்டோ பக்கம் திருப்பினார். அவர் தேடியது வளையங்களை. வளையம் கிடைக்கவில்லை, நான்காவது நிலா கிடைத்தது. 2012-இல் ஐந்தாவது. இவை இப்போது கெர்பரோஸ், ஸ்டிக்ஸ். பெயருக்காக இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தினார்கள், நான்கரை லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. 'ஸ்டார் ட்ரெக்' நடிகர் வில்லியம் ஷாட்னர் பிரசாரத்தில் 'வல்கன்' ஜெயித்தது. ஆனால் பாதாளத்தோடு சம்பந்தம் இல்லை என்று சர்வதேச வானியல் சங்கம் அதை ஏற்கவில்லை.

ஜாலியான கதை மாதிரி இருக்கு இல்லையா? நியூ ஹொரைசன்ஸ் குழுவுக்கு அந்தச் சமயத்தில் வயிற்றில் புளி கரைத்தது.

காரணத்தைச் சொல்றேன். சின்ன நிலா மேல் விண்கல் மோதினால் தூசி கிளம்பும். நம்ம நிலா மாதிரி பெரிசா இருந்தால் ஈர்ப்பு விசை அந்தத் தூசியைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். பத்திருபது கிலோமீட்டர் கல்லுக்கு அந்தச் சக்தி இல்லை. தூசி தப்பித்துப் புளூட்டோவைச் சுற்றத் தொடங்கிவிடும். விண்கலத்தின் வேகமோ விநாடிக்கு ஏறக்குறைய 14 கிலோமீட்டர், மணிக்கு 50,000. அந்த வேகத்தில் ஓர் அரிசி அளவு துகள் பட்டாலே கதை முடிந்தது. ஒவ்வொரு புது நிலாவும் ஒரு தூசித் தொழிற்சாலை. ஹப்பிளுக்குத் தெரியாத ஆறாவது, ஏழாவது, பத்தாவது இருந்தால்?

ஒன்றரை வருஷம் கணினியில் கணக்குப் போட்டார்கள். 2013-இல் வந்த பதில்: தூசியால் விண்கலம் அழிய வாய்ப்பு 0.3 சதவீதத்துக்கும் குறைவு. திட்டமிட்ட பாதை, ஷாரன் தன் ஈர்ப்பால் ஏற்கனவே பெருக்கி வைத்திருக்கிற பகுதி வழியாகப் போகிறது என்பது முக்கியக் காரணம். இருந்தாலும் மாற்றுப் பாதைகளைத் தயார் செய்தார்கள். அதில் ஒன்றில், விண்கலத்தின் டிஷ் ஆண்டெனாவையே முன்னால் திருப்பிக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு போவது.

கணக்கு கணக்குதான், கண்ணால் பார்க்கணும். 2015 மே 11 முதல் ஜான் ஸ்பென்சர் தலைமையிலான குழு, விண்கலத்தின் கேமரா அனுப்பும் படங்களில் நிலா தேடத் தொடங்கியது. படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நட்சத்திரங்களைக் கழித்து, மிச்சத்தில் நகர்கிற புள்ளி உண்டா என்று பார்ப்பது. நாளுக்கு நாள் வண்டி நெருங்குகிறது, ஹப்பிளுக்குத் தெரியாததும் இப்போது தெரியும். ஏதாவது தெரிந்தால் பாதை மாற்றலாம். ஆனால் ஜூலை தொடக்கத்துக்குப் பிறகு அதற்கும் நேரம் இல்லை.

இதுவரை இந்தக் கதையில் எல்லாரும் 'இருக்கு' என்று சொல்வதற்காகத் தேடினார்கள். இவர்கள் 'இல்லை' என்று சொல்வதற்காகத் தேடினார்கள். அது வேற மாதிரி வேலை. டெஸ்டிங் பண்றவங்களுக்குத் தெரியும்: பக் கிடைச்சா காட்டலாம், கிடைக்கலைன்னா எதைக் காட்டுவது? இந்த அளவுக்கு மேல் வெளிச்சமான பொருள் இருந்திருந்தால் எங்கள் கண்ணில் பட்டிருக்கும் என்று எல்லை போட்டுச் சொல்லத்தான் முடியும்.

புது நிலா இல்லை. வளையமும் இல்லை. ஜூலை 1-இல் முடிவு: பழைய பாதையிலேயே போகலாம்.

ஜூலை 4

மூன்று நாள் கழித்து விண்கலத்திடமிருந்து சத்தம் நின்றது. அமெரிக்காவின் சுதந்திர தினம், மதிய நேரம். ஏறத்தாழ ஒரு மணி இருபது நிமிஷம் எதுவும் இல்லை. நிலாவுக்கும் தூசிக்கும் பயந்தவர்கள் கடைசியில் மாட்டியது மென்பொருளில். முக்கிய கணினி ஒரே நேரத்தில் பழைய படங்களைச் சுருக்கிக்கொண்டும், புதுக் கட்டளைகளை நினைவகத்தில் எழுதிக்கொண்டும் இருந்து திணறியது. பாதுகாப்பு முறைக்குப் போய், மாற்றுக் கணினிக்குத் தாவிவிட்டது. ஒரு கட்டளை போய்ச்சேர நாலரை மணி நேரம், பதில் வர இன்னொரு நாலரை மணி நேரம். நம்மளால அஞ்சு நிமிஷம் ஒரு டிப்ளாய்மென்ட் தொங்கினாலே உட்கார முடியாது. அவர்கள் ஒவ்வொரு படியாகத் திருத்தி, ஜூலை 7-இல் மறுபடி வேலையைத் தொடங்க வைத்தார்கள்.

ஜூலை 14, புளூட்டோவின் தரையிலிருந்து சுமார் 12,500 கிலோமீட்டர் தூரத்தில் விண்கலம் கடந்து போனது. படம் எடுப்பதற்காகப் பூமிப் பக்கம் ஆண்டெனாவைத் திருப்பாமல் பல மணி நேரம் மௌனம். அன்று இரவு, நலமாக இருக்கிறேன் என்ற சிறு தகவல் வந்தது. அந்த வண்டியில் கிளைட் டோம்பாவின் அஸ்தியில் ஒரு சிட்டிகையும் இருந்தது.

நிலாக்களைப் பற்றி என்ன தெரிந்தது? நான்கு குட்டி நிலாக்களும் உருண்டை இல்லை, உருளைக்கிழங்கு மாதிரி கோணல்மாணல். நிக்ஸும் ஹைட்ராவும் நீளவாக்கில் சுமார் 50 கிலோமீட்டர், கெர்பரோஸும் ஸ்டிக்ஸும் 20-க்குள். ஹைட்ரா பத்தரை மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழல்கிறது. சுற்றுப்பாதையை முடிக்க எடுப்பதோ 38 நாள். கெர்பரோஸ் பெரியதாக, கரி மாதிரி கறுப்பாக இருக்கும் என்று சில வாரங்களுக்கு முன்தான் ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. பார்த்தால் சின்னது, வெளுப்பு. கணிப்பு தவறு. அந்த ஆய்வை எழுதியவர்களில் ஒருவர், அதைக் கண்டுபிடித்த ஷோவால்டரே.

ஆறாவது நிலா? புளூட்டோவுக்கு ஓரளவு பக்கத்தில், சுமார் 2 கிலோமீட்டருக்கு மேல் பெரிய எதுவும் இல்லை. இந்த 'இல்லை'யும் ஒரு தகவல்தான். ஷாரனும் மற்ற நான்கும் ஆதியில் நடந்த ஒரு பெரிய மோதலின் சிதறல்கள் என்பது பரவலான கருத்து. எவ்வளவு மிஞ்சியது, எவ்வளவு மிஞ்சவில்லை என்ற இரண்டு கணக்கும் அதற்கு வேண்டும்.

புளூட்டோவோடு இது முடியவில்லை. மக்கேமக்கே என்ற இன்னொரு குறுங்கோள் 2005-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதைச் சுற்றியும் தேடினார்கள், ஒன்றும் இல்லை என்று பல வருஷம் நினைத்தார்கள். 2015 ஏப்ரலில் ஹப்பிள் எடுத்த படத்தில் 1,300 மடங்கு மங்கலாக ஒரு புள்ளி இருப்பது தெரிந்து, 2016-இல் அறிவித்தார்கள். அதன் பாதை நமக்குப் பக்கவாட்டில் அமைந்திருப்பதால், பெரும்பாலான நேரம் மக்கேமக்கேயின் வெளிச்சத்துக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருந்திருக்கலாம் என்கிறார்கள்.

நான் அடுத்த முறை ஒரு டிக்கெட்டை 'நாய்ஸ்' என்று மூடப் போகும்போது, நட்சத்திரங்கள் வட்டமாக இருக்கான்னு ஒரு தடவை பார்த்துட்டு மூடலாம்னு இருக்கேன். பக்கத்திலிருப்பதெல்லாம் ஒழுங்காக இருந்து, இது ஒன்று மட்டும் புடைத்திருந்தால், தட்டு மேல தப்பு இல்லை.

உங்க வேலையிலோ படிப்பிலோ இப்படி ஒதுக்கி வெச்ச புடைப்பு ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க.